ஸ்லோ பொட்டியும் 1850-ஆம் வருஷத்து டெலஸ்கோப்பும்

மக்களே, ஆணி அதிகம். இந்தப் பக்கம் தலைகாட்டி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன். ஊருன்னா பண்ணைக்காடு. பழனி மலையில காபியும் மலைவாழையும் விளையற ஊரு. கொடைக்கானல்னு கிளம்பி வர்றவங்கள்ல பாதிப் பேரு இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாங்க. நல்லதுதான்.

போன காரணம், வீட்டுப் பொட்டி. "தம்பி, ஸ்விட்ச் போட்டுட்டு காபி குடிச்சு, டம்ளர் கழுவி வெச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்குப்பா"ன்னு அப்பா ஃபோன்ல புலம்பல். நான் பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு, "டாஸ்க் மேனேஜரைத் தொறங்கப்பா"ன்னு சொல்ல, அது தொறக்கவே பத்து நிமிஷம். சாஃப்ட்வேர் எஞ்சினியர் பையன் இருந்து என்ன பிரயோஜனம்னு அம்மா பின்னாடி இருந்து கேட்டது தெளிவா கேட்டுச்சு. அவ்வ்வ்.

அந்தப் பொட்டி நான் பிளஸ் டூ படிச்சப்போ கவர்ன்மெண்ட் குடுத்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கும். எங்க வீட்டுக்குள்ள வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். 2 ஜிபி ரேம், சுத்துற ஹார்ட் டிஸ்க். நான் காலேஜுக்குப் போனதும் வேற வாங்கிக்கிட்டேன், அது அப்பா கைக்குப் போயிடுச்சு. பத்து வருஷம் தாண்டி உழைச்சிருக்கு, அதைக் குறை சொன்னா வாய் அழுகிடும்.

புதுசு வாங்கிக் குடுத்துட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். அப்பா 1998-ல இருந்து தினம் காலைல எட்டரைக்கு தோட்டத்து மழைமானியைப் பாத்து நோட்டுல எழுதிட்டு வர்றார். பொட்டி கைக்கு வந்ததும் பழைய நோட்டு எல்லாத்தையும் ஒத்தை விரல்ல தட்டித் தட்டி ஏத்திட்டார். ரெண்டு நோட்டைக் கரையான் தின்னுடுச்சு. அந்த வருஷங்களோட கணக்கு இப்போ அந்த ஹார்ட் டிஸ்க்ல மட்டும்தான். பேக்கப்பா? அப்படின்னா என்னன்னு கேட்டார். (அதை முன்னாடியே எடுத்து வெக்காதது யார் தப்புன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க.)

கொடைக்கானல் டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனோம். பையன் மூடியைக்கூட கழட்டல. "போர்டு வீக்கு சார். ஃபார்மட் பண்ணா 1,500. டேட்டா போனா நாங்க பொறுப்பில்ல. இல்லேன்னா புதுசு 35,000ல இருக்கு." அப்பா ஒண்ணும் சொல்லாம பொட்டியை வாங்கி மஞ்சப் பையில போட்டார். வெளிய வந்ததும், "வா, அப்சர்வேட்டரி வரைக்கும் போயிட்டு வரலாம்"னார். அந்த நேரத்துல எனக்கு அது ஏன்னு புரியல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1876-78, தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் ராஜதானியில லட்சக்கணக்குல ஜனங்க செத்தாங்க. மழை ஏன் பொய்க்குதுங்கற கேள்வி வெள்ளைக்காரனையும் உலுக்குச்சு. சூரியனோட கரும்புள்ளி கூடிக் குறையறதுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குன்னு 1877-லயே லாக்யரும் ஹண்டரும் சேர்ந்து கட்டுரை எழுதினாங்க. அப்படின்னா சூரியனை விடாம பாக்க ஒரு இடம் வேணும். சுத்தி சுத்திப் பாத்து கொடைக்கானல்னு முடிவாச்சு. 1895-ல அடிக்கல், 1899-ல நுங்கம்பாக்கத்துல இருந்து இங்க மாத்தம். பொறுப்பு சார்லஸ் மிக்கி ஸ்மித். கடல் மட்டத்துக்கு மேல 2,343 மீட்டர். ரொம்ப லேசாச் சொல்லிட்டேன். வத்தலக்குண்டு வழியா இன்னிக்கு நாம பஸ்ல ஏறி வர்ற ரோடு அப்போ கிடையாது. சாமானெல்லாம் மலையடிவாரத்துல இருந்து ஒத்தையடிப் பாதையில மாட்டு மேலயும் ஆள் தலையிலயும்தான் ஏறணும். ஒரு ஸ்க்ரூ உடைஞ்சா இங்கிலாந்துக்கு லெட்டர் போட்டு, பதில் வர்றதுக்குள்ள ஒரு மழைக்காலம் போயிடும்.

அங்க இருக்கற ஒரு டெலஸ்கோப்பைத்தான் அப்பா காட்டணும்னு நினைச்சிருக்கார். பாரிஸ்ல லெரெபூர் - செக்ரெத்தான் செஞ்ச 6 அங்குல டெலஸ்கோப். மெட்ராஸ் அப்சர்வேட்டரி அதை வாங்கினது 1850-ல. சிப்பாய்க் கலகத்துக்கு முன்னாடி! கொடைக்கானலுக்குப் போகணும்னதும் அதைத் தூக்கிப் போடல. 1898-ல டப்ளின்ல இருந்த ஹோவர்ட் க்ரப்பை விட்டு மாத்தியமைச்சு, சூரியனைப் படம் எடுக்கற கருவியா ஆக்கிட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா அப்கிரேடு. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல அது சூரியனைப் படம் பிடிச்சிருக்கு. செகண்ட் ஹேண்டும் உண்டு. பூனாவுல தக்தசிங்ஜி அப்சர்வேட்டரியை 1912-ல மூடினப்போ, அங்க இருந்த 20 அங்குல டெலஸ்கோப்பும் இந்த மலைக்குத்தான் வந்துச்சு.

ஆனா எனக்குப் பிடிச்ச ஆளு ஜான் எவர்ஷெட். மனுஷன் கெமிஸ்ட் வேலை பாத்துக்கிட்டு, மிச்ச நேரத்துல சொந்தமா கருவி செஞ்சு சூரியனைப் பாத்த அமெச்சூர். 1907 ஜனவரியில கொடைக்கானல் வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜ்ல செஞ்ச ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் 1904-லயே வந்திருந்துச்சு, அதை ஒழுங்கா ஓட வெச்சது இவர்தான். அது பத்தாதுன்னு அங்கேயே ஒரு ஸ்பெக்ட்ரோகிராஃபைக் கோத்தார். 1909 ஜனவரி 5-ஆம் தேதி அதுல கரும்புள்ளிகளைப் பாத்தப்போ, நிறமாலைக் கோடுகள் கொஞ்சம் சாஞ்சு தெரிஞ்சுச்சு. கரும்புள்ளியோட நடுவுல இருந்து வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு அர்த்தம். வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். இன்னிக்கும் உலகம் பூரா அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு. சர்வீஸ் சென்டர் இல்லாத மலையில, மூடியைக் கழட்டத் தெரிஞ்ச ஆளு கண்டுபிடிச்சது. சீதாராம அய்யர், நாகராஜ அய்யர்னு கூட இருந்த நம்மாளுங்களைப் பத்தி யாராவது தனியா ஒரு பதிவு போட்டா புண்ணியமா போகும்.

கால்சியம் ஒளியில சூரியனை எடுத்த படங்கள் 2007 வரைக்கும் நூறு வருஷத்துத் தொடர்ச்சி. அது ஏன் நின்னுச்சு தெரியுமா? கருவி கெட்டுப் போகல. போட்டோ பிளேட்டு, ஃபிலிம் கிடைக்காம போச்சு. அப்புறம் அந்தப் பழைய படங்களையெல்லாம் டிஜிட்டல் ஆக்கினாங்க. சூரியனோட நீண்டகால மாத்தத்தை ஆராயறவங்களுக்கு இன்னிக்கு அது பொக்கிஷம். கரும்புள்ளியை வெச்சு மழையைச் சொல்லலாம்ங்கற ஆசை பலிக்கல, அது வேற கதை.

"ஒரு நாள் விட்டுப் போனாலும் கணக்கு கணக்கில்லப்பா"ன்னார் அப்பா திரும்பி வர்ற பஸ்ல.

சரி, மேட்டருக்கு வர்றேன். மறுநாள் திண்டுக்கல் போய் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு 1,600, பழைய ரேம் 4 ஜிபி 700. மொத்தம் 2,300 ரூபாய், பஸ் சார்ஜ் தனி. முதல்ல பழைய டிஸ்க்கை வெளிய எடுத்து, என் லேப்டாப்ல மாட்டி, முழுசா காப்பி எடுத்தேன். ராத்திரி பூரா ஓடிச்சு. நடுவுல சில இடம் படிக்கவே இல்ல, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி இழுத்துச்சு. மெதுவா ஓடினதுக்குக் காரணமே அதுதான். டிஸ்க் சாகக் கிடந்திருக்கு, போர்டு பாவம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கடையில ஃபார்மட் பண்ணியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட ஆதரவு நின்னு போச்சு, 11 இந்தப் பொட்டிக்கு ஆகாது. அதனால லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். அரை நிமிஷத்துல தொறக்குது.

மழைக் கணக்கு முழுசா வந்துடுச்சு, 2009 நவம்பர்ல பதினொரு நாள் தவிர. அந்த ஃபைல் மட்டும் பாதியில கிழிஞ்சிருந்துச்சு. அந்த வருஷத்து நோட்டைத்தான் கரையான் தின்னது. அப்பா அந்தப் பதினொரு கட்டத்தையும் வெறுமையா விட்டுட்டார், சைபர் போடல. அம்மாதான், "அந்த மாசம் தம்பி சடங்குக்கு மதுரை போய் மழையில மாட்டினோமே, அன்னிக்கு இங்க என்ன பெஞ்சுதோ"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

டிஸ்கி: உங்க வீட்டுப் பொட்டியும் இழுக்குதுன்னா முதல்ல காப்பி எடுங்க, அப்புறம் கடைக்குப் போங்க. மலைப்பக்கம், வத்தலக்குண்டு சுத்துவட்டாரத்துல மூடியைக் கழட்டிப் பாத்துட்டு விலை சொல்ற கடை யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்பாவோட சிநேகிதர்கள் மூணு பேரு அவங்க பொட்டியை எடுத்து வெச்சுக்கிட்டு, நான் அடுத்த லீவுக்கு எப்போ வருவேன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க.