அகத்தியர் மலையில் ஒரு வெப்பமானி

எங்கள் திருக்கோகர்ணத்தில் மலை என்றால் கோகர்ணேஸ்வரர் குடைவரைக் கோயில் இருக்கிற பாறைதான். உயரம் கூடினால் வெப்பம் எவ்வளவு குறையும் என்று அளக்க அது போதாது. நம் பக்கத்தில் யார் இதை முறையாக அளந்தார்கள் என்று தேடியபோது கிடைத்தவர் ஜான் ஆலன் பிரவுன்.

ஸ்காட்லாந்துக்காரரான இவர் 1852-ல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். 1855-ல் அகத்தியர் மலை உச்சியில், சுமார் 6,200 அடி உயரத்தில், இன்னொரு ஆய்வகம் அமைத்தார். முக்கிய நோக்கம் பூமியின் காந்தப்புலம், கூடவே வானிலையும்.

ஏன் இரண்டு இடம்? ஒருவர் வெப்பமானியோடு காலையில் மலையேறி மதியம் உச்சியை அடைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற ஏறக் குளிரணும். பொழுது ஏற ஏறச் சூடாகணும். கடைசியில் கிடைக்கும் எண்ணில் மலையின் பங்கு எது, வெயிலின் பங்கு எது? மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் பிரிக்க முடியும். ஆல்ப்ஸ் மலையில் சோசூர் 1788-லேயே இப்படிச் செய்தார்: அவர் மேலே அளக்க, அதே நேரத்தில் ஷமோனியிலும் ஜெனீவாவிலும் அளந்தார்கள். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். இரண்டு சர்வர்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் அவற்றின் பதிவுகளை ஒப்பிடவே முடியாது.

சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்கு அது சுமார் 12 டிகிரி. அப்படியானால் கீழே மட்டும் அளந்துவிட்டுக் கழித்துக்கொள்ளலாமே? முடியாது. காற்றின் ஈரத்தைப் பொறுத்து இந்த வீதம் மாறும். சில இரவுகளில் தலைகீழாகவே ஆகிவிடும்.

நீலகிரியில் ஜனவரி மாதத்துத் தெளிந்த இரவுகளைப் பாருங்கள். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அதைவிட உயரமான சரிவு தப்பிவிடும். தேயிலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கருகுவது பள்ளத்துச் செடிதான்.

கைபேசி காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்கான கணிப்பு. அந்த ஒரே கட்டத்துக்குள் மேடும் இருக்கும், பள்ளமும் இருக்கும். பள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்கு அந்த எண் உதவாது. அவருக்கு வேண்டியது பிரவுன் செய்ததுதான்: மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பது.