தனிப் பந்தி: பெண்கள் இயக்க வரலாற்றில் நம் இடம்



அன்னை மீனாம்பாள் சிவராஜ் நினைவுச் சொற்பொழிவைச் சென்னையில் வைக்காமல் ஸ்ரீமுஷ்ணத்தில் வைத்த தோழர்களுக்கு முதல் நன்றி. முன்வரிசையில் களையெடுப்பு முடித்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிற அக்காமார்களுக்கு இரண்டாவது நன்றி. இன்றைய பேச்சு உங்களைப் பற்றியது. நீங்கள் இல்லாமல் பேசியிருந்தால் அது இன்னொரு தவறாகப் போயிருக்கும்.

மைய நீரோட்டப் பெண்ணியத்தில் ஒடுக்கப்பட்ட பெண்களை எப்படிச் சேர்ப்பது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதில் ‘சேர்ப்பது’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. வீடு யாருடையது, விருந்தாளி யார் என்பதை அந்தச் சொல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்த வீட்டுக்குக் கடைக்கால் போட்டவர்களில் நம் பெண்களும் இருக்கிறார்கள்.

1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. 1927இல் புனேயில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. பெண்கல்விக்கும் வாக்குரிமைக்கும் குழந்தை மணத் தடைக்கும் அவர்கள் பாடுபட்டார்கள். அந்த உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1937இல் அதே மாதர் மாநாடு நாகபுரியில் கூடியபோது நடந்ததையும் மறக்க முடியாது. ஜெய்பாய் சௌத்ரி அங்கே போயிருந்தார். கூலியாகச் சுமை தூக்கிப் பிழைத்து, பின்பு படித்து ஆசிரியராகி, நாகபுரியில் சொக்கமேளா பெயரில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர். அவருக்குச் சாப்பாடு தனியாகப் போட்டார்கள். பெண் விடுதலை பேச வந்த இடத்தில் தனிப் பந்தி!

இங்கே அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. எந்தக் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் யார் உட்காரலாம் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

ஜெய்பாயும் நாகபுரித் தலித் பெண்களும் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கண்டனக் கூட்டம் போட்டார்கள். 1942 ஜூலையில் அதே நாகபுரியில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு சுலோச்சனாபாய் டோங்ரே தலைமையில் கூடியது. அம்பேத்கர் வந்து பேசினார். ஆயிரக்கணக்கில் பெண்கள் திரண்டார்கள். அவர்கள் போட்ட தீர்மானங்களைக் கவனியுங்கள். பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை வேண்டும். பலதார மணத்தைச் சட்டத்தால் ஒழிக்க வேண்டும். ஆலையிலும் பீடித் தொழிலிலும் நகராட்சியிலும் ரயில்வேயிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு விடுப்பும், காயம்பட்டால் இழப்பீடும், முதுமையில் ஓய்வூதியமும் வேண்டும். பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் பெண் மேற்பார்வையாளர் வேண்டும். மாணவியருக்கு விடுதி வேண்டும். சட்டமன்றங்களிலும் உள்ளாட்சிகளிலும் பெண்களுக்கு இடம் வேண்டும்.

மணவிலக்கும் ஒருதார மணமும் இந்து திருமணச் சட்டமாக வந்தது 1955இல். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கூலிப் பெண்கள் கேட்டுவிட்டார்கள். வேலை, கூலி, குடும்பம், அதிகாரம் நான்கையும் ஒரே முடிச்சாகப் பார்த்த பெண்ணியம் அது. நம் பாடநூல்களில் அந்த மாநாட்டுக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் வேறு ஒரு காட்சியும் இருந்தது. நாகபுரிப் பந்திக்கு அடுத்த ஆண்டு, 1938 நவம்பரில், சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டத்தை வழங்கிய மாநாடு. அதில் முன்நின்றவர்களில் ஒருவர் மீனாம்பாள். பின்னர் 1945இல் பம்பாயில் கூடிய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்கு அவரே தலைமை ஏற்றார். இரண்டு மாநாடும் பெண்கள் மாநாடுதான். ஓரிடத்தில் நம் பெண்ணுக்குத் தனி இலை, இன்னோரிடத்தில் முன்வரிசை. இந்த வித்தியாசம் நல்ல மனசால் வந்ததல்ல. சென்னை மாநாட்டுக்குப் பின்னால் இருந்த இயக்கம் சாதி ஒழிப்பைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தது. நாகபுரியில் கூடிய மாதர் மாநாடு சாதியை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தது. சாதி வாசலில் நிற்கவில்லை, பந்திக்குள் வந்து உட்கார்ந்தது.

மீனாம்பாள் மறைந்தது 1992 நவம்பரில். அந்த ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்த ஜூனில் நம் பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கென்று கொண்டுபோன கணவர் உயிரோடு திரும்பவில்லை. அங்கேயே அவர் மனைவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதே ஜூன் 20இல் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். செப்டம்பரில் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், அரசுத் திட்டத்தின் ஊழியராகக் குழந்தை மணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவியை ஆதிக்கச் சாதி ஆண்கள் வன்கொடுமை செய்தார்கள். அவர் குயவர் சாதிப் பெண்.

இந்த மூன்று வழக்கிலும் பெண்கள் அமைப்புகள் உடன் நின்றன. சிதம்பரத்திலும் வாச்சாத்தியிலும் மாதர் சங்கத் தோழர்களும் இடதுசாரிகளும் வீதிக்கு வந்து, வழக்கு நடத்தி, ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். சிதம்பரம் வழக்கில் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். வாச்சாத்தியில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 31 ஆண்டுகள்! கூட நின்றவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் அது நேர்மையல்ல.

குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. பன்வாரி தேவியின் வழக்கில் 1995இல் விசாரணை நீதிமன்றம் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொடமாட்டான் என்கிற அளவுக்குப் போயிற்று அந்தத் தீர்ப்பின் நியாயம். ஆனால் அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றம் போனதால் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. இன்று வங்கியிலும் கல்லூரியிலும் கணினி நிறுவனத்திலும் புகார்க் குழு இருக்கிறதென்றால், அது பட்டேரிக் கிராமத்துப் பெண் கொடுத்த விலை.

பன்வாரியின் பணியிடம் எது? கிராமத்துத் தெருவும் வயலும். வயலில் நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்த சட்டம் அலுவலகச் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சட்டத்தின் எழுத்து அப்படி இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வட்டத்திலும் புகாரைப் பெற ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும், அவர் ஏழு நாளுக்குள் அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. முன்வரிசை அக்காமார்களைக் கேட்கிறேன். கரும்பு வெட்டுக்குப் போகிற இடத்தில் மேஸ்திரி கையைப் பிடித்தால் யாரிடம் போவீர்கள்? ஸ்ரீமுஷ்ணம் வட்டத்தில் அந்த அலுவலர் யார் என்று உங்களிடம் எவராவது சொன்னதுண்டா?

என் அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். கொட்டையின் பால் பட்டு விரல் தோல் உரியும். சாம்பலைத் தடவிக்கொண்டு அடுத்த கூடையை இழுப்பார். எடைபோடும் இடத்தில் கேட்ட பேச்சை வீட்டில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். ‘மௌனத்தை உடை’ என்று நகரத்தில் எழுதும் பலகை அம்மாவிடம் முதலில் கூலிக்கு வழி சொல்ல வேண்டும்.

1992 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கும் பட்டியல் மக்களுக்கும் இடம் ஒதுக்கிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாகபுரித் தீர்மானத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்து வந்த பதில் அது. ஆனால் 2020இல் புவனகிரி அருகே தெற்குத் திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது. கொடியேற்றவும் தன்னை விடவில்லை என்று அவர் சொன்னார். அந்தக் கூட்டத்தில் வேறு பெண் உறுப்பினர்களும் இருந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்? பெண் என்ற ஒற்றைச் சொல்லால் பதில் சொல்ல முடியாத கேள்வி இது.

அப்படியானால் சாதி, தலித் பெண்ணின் பிரச்சினை மட்டும்தானா? விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையைக் கேளுங்கள். 2003 மே மாதம் முருகேசனும் கண்ணகியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8இல் இருவர் உடலிலும் விஷத்தைச் செலுத்திக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். அவரைக் கொன்றது சொந்த வீடு. உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025இல். அகமணத்தைக் காப்பதற்காகவே உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் வந்தன என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். பெண்ணைப் பூட்டி வைத்தால்தான் சாதி நிற்கும். ஆகவே சாதி ஒழிப்பு, நமக்கு யாரோ செய்கிற உதவியல்ல. சாதியைத் தொடாத பெண்ணியத்தால் கண்ணகியையும் காப்பாற்ற முடியாது.

நண்பர்களே, முடிக்கிறேன். பெண்கள் அமைப்புகளில் இருக்கும் தோழிகளிடம் நான் கேட்பது மூன்று. மேடையில் சாட்சி சொல்ல மட்டும் எங்களைக் கூப்பிடாதீர்கள். கோரிக்கைப் பட்டியல் எழுதும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். கூலி, மனை, சுடுகாட்டுப் பாதை, சம நாற்காலி இவற்றைப் ‘பொதுப் பிரச்சினை’ என்று தள்ளாமல் பெண் பிரச்சினையாக எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாதியைக் கேளுங்கள். அந்த வேலையை உங்களுக்காக நாங்கள் செய்ய முடியாது.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் அமைப்புகளில் பெண்கள் எத்தனை பேர் பொறுப்பில் இருக்கிறார்கள்? இந்த மன்றத்தின் கூட்டத்துக்கு யார் சமைத்தது, யார் பேசினார்கள்? 1942இல் நாகபுரிப் பெண்கள் பலதார மணத்தை ஒழிக்கச் சொன்னது நம் ஆண்களைப் பார்த்தும்தான்.

நாளை திங்கட்கிழமை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுப்போம்: ஸ்ரீமுஷ்ணம் வட்டத்தில் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரைப் பெறும் அலுவலர் யார், அவர் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் பஸ் நிறுத்தத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி வையுங்கள் என்று. மனுவில் முதல் கையெழுத்து முன்வரிசை அக்காமார்களுடையதாக இருக்கட்டும். மாதர் சங்கத் தோழிகள் அதற்குக் கீழே போடட்டும்.