பூட் ஆகாத சுவிட்சும் 1977-ம் வருஷத்து வழியும்

மழைக்காலத்தில் லவ்டேலில் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். நெட்வொர்க் சுவிட்ச் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். பிறகு பூட் ஆகாது. "போய்விட்டது, புதுசு வாங்குங்கள்" என்பார்கள். ஆனால் கன்சோல் போர்ட் உள்ள சுவிட்ச் என்றால் அவசரப்பட வேண்டாம். 'பூட்லோடர்' என்ற சிறு நிரல் தனி இடத்தில் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். புது மென்பொருளை அதனிடம் கொடுக்கும் வழிகள் நமக்கு முன்பே பழகியவை.

1977-ல் சிகாகோவின் வார்ட் கிறிஸ்டென்சன், தொலைபேசி வழியே கோப்பு அனுப்ப ஒரு நிரல் எழுதினார். கோப்பை 128 பைட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் சரிபார்த்து, பிழையானால் மீண்டும் அனுப்பும். அதுவே 'எக்ஸ்மோடம்' ஆனது. நெட்வொர்க் வழியே அனுப்பும் எளிய முறையான 'டிஎஃப்டிபி'யின் திருத்திய வடிவத்தை 1981-ல் எம்.ஐ.டி.யின் கேரன் சொலின்ஸ் வெளியிட்டார். அதைக் கொண்டே கணினியை பூட் செய்யும் முறையை 1984-ல் ராஸ் ஃபின்லேசன் எழுதினார்.

இன்றும் பல சுவிட்சுகளை மீட்பது இந்த இரண்டும்தான். கன்சோல் கேபிளில் 9600 வேகத்தில் எக்ஸ்மோடம் வைத்தால், 8 எம்.பி. கோப்பு ஏற இரண்டரை மணி நேரம் ஆகும். 115200 என்று மாற்றினால் கால் மணி நேரம் போதும். டிஎஃப்டிபி இன்னும் வேகம்.

ஆகவே கன்சோல் கேபிளும், அந்த மாடலுக்கான மென்பொருள் நகலும் சங்க அலமாரியில் இருக்கட்டும். புதுப்பிக்கும் நாளில் சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.