மினுமினுப்பு எண்ணி

மினுமினுப்பு எண்ணி என்பது அயனியாக்கும் கதிர்வீச்சைக் கண்டறிந்து அளவிட உதவும் கருவி ஆகும். காமா கதிர் போன்றவை சில பொருட்களின் மீது படும்போது, அவை நொடிப்பொழுதில் மறையும் சிறு ஒளியை வெளியிடுகின்றன. இதுவே மினுமினுப்பு எனப்படுகிறது. இவ்வொளியை மின்துடிப்பாக மாற்றி எண்ணுவது இக்கருவியின் பணியாகும்.

வரலாறு

1903 ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்ஸ், ஆல்பா துகள்கள் மோதும் துத்தநாக சல்பைடு திரையில் தனித்தனி ஒளிப்புள்ளிகள் தோன்றுவதைக் கண்டார். 1909 இல் ரதர்போர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, இத்தகைய புள்ளிகளை நுண்ணோக்கி வழியே கண்ணால் எண்ணினர். அணுக்கருவின் கண்டுபிடிப்புக்கு இந்த எண்ணிக்கை வழிவகுத்தது. எனினும் கண் விரைவில் சோர்வுறும். புள்ளிகள் மிக விரைந்து தோன்றினால் எண்ணவும் இயலாது. 1944 இல் சாமுவேல் கரன் கண்ணுக்கு மாற்றாக ஒளிபெருக்கிக் குழாயைப் பயன்படுத்தினார். 1948 இல் ராபர்ட் ஹாப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தை அறிமுகப்படுத்தினார்.

செயல்படும் முறை

படிகத்தில் தோன்றும் ஒளியின் அளவு, கதிர் அதில் இழக்கும் ஆற்றலுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். சோடியம் அயோடைடில் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஏறத்தாழ 38,000 ஒளியணுக்கள் உண்டாகின்றன. இவை ஒளிபெருக்கிக் குழாயின் எதிர்மின்வாயில் பட்டு எலக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் டைனோடு எனப்படும் தகடுகளில் அடுத்தடுத்து மோதிப் பெருகுகின்றன. ஒவ்வொரு தகட்டிலும் நான்கு மடங்காகப் பெருகுவதாகக் கொண்டால், பத்துத் தகடுகளைக் கடந்தபின் ஓர் எலக்ட்ரானுக்கு ஈடாக 10 லட்சத்துக்கும் மேற்பட்டவை கிடைக்கும். இதனால் துடிப்புகளின் எண்ணிக்கையிலிருந்து கதிர்களின் எண்ணிக்கையையும், துடிப்பின் உயரத்திலிருந்து கதிரின் ஆற்றலையும் அறியலாம்.

பயன்பாடுகள்

ஹால் ஆங்கர் 1950களில் உருவாக்கிய காமா ஒளிப்படக்கருவியில், அகன்ற ஒரே படிகத்தின் பின்னே பல ஒளிபெருக்கிக் குழாய்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு குழாய்க்கும் கிடைக்கும் ஒளியின் பங்கைக் கொண்டு கதிர் பட்ட இடம் கணிக்கப்படுகிறது. நோயாளிக்குச் செலுத்தப்படும் டெக்னீசியம்-99எம் வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் ஏறத்தாழ 1,40,000 எலக்ட்ரான் வோல்ட். உடலினுள் சிதறித் திசைமாறிய கதிர்கள் ஆற்றலை இழந்திருக்கும். துடிப்பின் உயரத்தைக் கொண்டு அவற்றுள் பெரும்பாலானவை விலக்கப்படுகின்றன. அவ்வாறு விலக்காவிடில் படம் மங்கி, நோயுற்ற இடம் தெளிவாகத் தெரியாது.

பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பில், எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரு காமா கதிர்களை வளையமாக அடுக்கிய படிகங்கள் ஒரே நேரத்தில் பதிவு செய்கின்றன. காந்தப்புலத்தில் ஒளிபெருக்கிக் குழாய் சரிவர இயங்காது. ஆகவே காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்புடன் இணைந்த கருவிகளில் சிலிக்கான் ஒளியுணரிகள் பயன்படுகின்றன.

இயற்பியலில், 1956 இல் ரெய்ன்ஸ், கோவன் ஆகியோர் நியூட்ரினோவைக் கண்டறிந்ததும் மினுமினுக்கும் நீர்மத்தின் துணைகொண்டே ஆகும்.