முதுகு சாயும் நாற்காலி

அசோக் நகரில் எந்தத் தையற்கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாலும் ‘கிராஸ் கட்டா, சாதாவா?’ என்று கேட்பார்கள். துணியை மூலைவாட்டில் வைத்து வெட்டினால் அது இழுபட்டு உடலோடு படியும். இதை முழு உடைக்கும் கொண்டுபோய், இடுப்பை நெரிக்கும் கச்சை வேண்டாமென்று ஒதுக்கியவர் பாரிஸின் மதலேன் வியோனே (1876–1975). ஃபேஷன் வரலாறு பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

சிறுமியாகவே பள்ளியை விட்டுத் தையல் பழகப் போனவர் அவர். இளவயதுத் திருமணம், பெண் குழந்தையின் சாவு, மணவிலக்கு, லண்டனில் வேலை. பிறகு பாரிஸில் பிறரிடம் உழைத்து, 1912இல் சொந்த ஆடையகம் திறந்தார். 1923இல் பெரிய இடத்துக்கு மாறினார். அங்கே தைக்கும் பெண்களுக்கு ஸ்டூல் இல்லை. முதுகு சாயும் நாற்காலி. மருத்துவர், பல் மருத்துவர், சாப்பாட்டுக்கூடம், பேறுகால விடுப்பு, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் உண்டு. அந்த விடுமுறையைப் பிரெஞ்சுச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் தந்தது 1936இல்தான். இதை இரக்கம் என்று நான் சொல்லமாட்டேன். சிறுவயதிலேயே ஊசி பிடித்தவருக்கு முதுகு எங்கே வலிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியோனே 1939இல் ஆடையகத்தை மூடினார். பக்கத்துத் தி. நகர்த் துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்றபடி சேலை விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2021இல்.