பிணை (ஜாமீன்)

கைதானவர், அழைக்கும் நாளில் நீதிமன்றத்தில் வந்து நிற்பார் என்ற உறுதியின்பேரில் வழக்கு முடியும்வரை அவரை வெளியே விடும் சட்ட ஏற்பாடு. பிணை கிடைத்தவர் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டவர் அல்லர். சட்டத்தின் பிடியில்தான் இருக்கிறார். 1898, 1973 ஆம் ஆண்டுகளின் குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் பிணையைப் பக்கம் பக்கமாகப் பேசியும் அச்சொல்லுக்கு விளக்கம் தரவில்லை. அவற்றை அடுத்து வந்த புதிய சட்டமான 2023 ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான் முதலில் தந்தது.

சொல்: ஜாமீன் அரபு மூலத்திலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. மூலத்தில் அது பொறுப்பேற்கும் ஆளைக் குறித்தது. தமிழில் விடுதலையையே குறிக்கத் தொடங்கியதால் ஆளைச் சொல்ல ‘ஜாமீன்தாரர்’ என்று மேலும் ஒரு சொல் வேண்டியதாயிற்று. பிணை என்பது பிணைத்தல், அதாவது கட்டுதல். வெளியே விடுவதற்குக் கட்டு என்ற பெயர் முரணாகத் தோன்றலாம். கட்டப்படுபவர் பிணையாள் என்று கொண்டால் சரியாகவே இருக்கிறது.

தோற்றம்: அர்த்தசாத்திரம் பிணையாளைப் பற்றிப் பேசினாலும் அவர் பெரிதும் கடனுக்கு நின்றவர், கைதிக்கு அன்று. இன்றைய பிணைச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. அங்கே அரச நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்டனர். அவர்கள் வரும்வரை கைதியைக் காப்பது ஷெரீப் என்ற அதிகாரியின் வேலை. சோறு போட்டுக் காப்பதைவிட, நம்பத்தக்க அண்டை அயலாரிடம் ஒப்படைப்பது அவருக்கு எளிதாக இருந்தது. யாரை விடுவது, யாரை வைப்பது என்பது அவர் விருப்பம். அந்த விருப்பத்துக்கு விலையும் இருந்தது.

இதைத் தடுக்கவே முதலாம் எட்வர்டு காலத்து வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் (1275) குற்றங்களை இரண்டாகப் பிரித்தது. கொலை, அரச துரோகம், கள்ள நாணயம், தீவைப்பு, சிறையை உடைத்து ஓடியது ஆகியவற்றுக்குப் பிணை இல்லை. பேர்போன திருடனுக்கும் இல்லை. 12 பென்சுக்கு மேற்படாத சிறு திருட்டுக்கு உண்டு. ஆனால் அரசரின் ஆணையால் பிடிபட்டவர்களையும் அது பிணை இல்லாத வகையில் சேர்த்திருந்தது. 1627இல், கட்டாயக் கடன் தர மறுத்த ‘நைட்’ பட்டம் பெற்ற ஐவரை அரசர் முதலாம் சார்லஸ் சிறையில் அடைத்தபோது, அரசாணை என்ற ஒரு சொல்லே பிணையை மறுக்கப் போதுமானதாயிற்று. இதற்கு எதிராக மறு ஆண்டு உரிமை மனுவும், 1679இல் ஹேபியஸ் கார்ப்பஸ் (ஆட்கொணர்வு) சட்டமும் வந்தன. பிணையை மறுக்க முடியாத நீதிபதிகள் கட்டவே முடியாத தொகையைக் கேட்கத் தொடங்கினர். 1689 ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் மிகைப் பிணையைத் தடை செய்தது.

இந்திய வகைப்பாடு: 1275இன் இரண்டு வகைகள் ஆங்கிலேயர் வழியாக இங்கு வந்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அமர்ந்தன. நாளிதழ்கள் ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ என்று எழுதுவது பிணைக்குரியதல்லாத வகையை. அந்தச் சொல் அச்சுறுத்தினாலும் பொருள் வேறு: பிணைக்குரிய வகையில் பிணை உரிமை, காவல் நிலையத்திலேயே பெறலாம்; மற்றதில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. பிரிப்பு எப்போதும் குற்றத்தின் கனத்தைப் பின்பற்றுவதில்லை. கவனக்குறைவால் உயிரிழப்பை ஏற்படுத்தியவருக்குப் பிணை உரிமை, திருடியவருக்கு இல்லை. புதிய சட்டம் 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டுக்கு மட்டும் விலக்களித்தது. 12 பென்சுக் கணக்கு ஏழரை நூற்றாண்டு கழித்து ரூபாயில் திரும்பி வந்திருக்கிறது.

கைதாகும் முன்பே பெறும் முன்ஜாமீன் ஆங்கிலேயர் தந்ததன்று. பொய் வழக்கில் எதிரியை இழிவுபடுத்துவதைத் தடுக்க 1969இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்து, 1973 சட்டத்தில் 438 ஆம் பிரிவாக இடம்பெற்றது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களுக்கே அது பெரிதும் பயன்படுகிறது.

நடைமுறை: மனு முதலில் நடுவரிடமும், அவர் மறுத்தால் அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் செல்லும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றத்தைச் செய்தார் என்று நம்ப இடமிருந்தால் நடுவர் பொதுவாக விட முடியாது. சிறார், பெண்கள், நோயுற்றோருக்கு விலக்கு உண்டு. குற்றத்துக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை உரிமையாகிவிடும்.

உத்தரவு கிடைத்த அன்றே சிறைக்கதவு திறப்பதில்லை. தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் ‘சூரிட்டி’ எனப்படும் இரு நபர் ஜாமீன் வேண்டும்; அவர்களில் ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும் என்று சேர்ப்பதும் உண்டு. குடும்ப அட்டை, ஆதார் நகல், வீட்டுவரி ரசீது, சொத்துச் சான்று எல்லாம் சரிபார்க்கப்படும். பிறகு காவல் நிலையத்தில் நாள்தோறும் ‘கண்டிஷன் கையெழுத்து’. ஆள் கிடைக்காத ஏழை உத்தரவோடு உள்ளேயே இருப்பார். மோத்தி ராம் வழக்கில் (1978) ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்ட நடுவர், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையில் விட ஆணையிட்டார். உரிமைப் பிணை உள்ள வழக்கில் ஒரு வாரத்துக்குள் பிணையாள் தர முடியாதவரை ஏழையாகக் கருதிச் சொந்தப் பிணையில் விடவேண்டும் என்ற விதி 2005 திருத்தத்தில்தான் வந்தது.

இன்றைய நிலை: 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 478 முதல் 483 வரையான பிரிவுகள் நடைமுறையில் உள்ளன. முன்பு எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காவலில் கழித்திருந்தால், மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, விடுவிக்கப்பட வேண்டும். போதைப்பொருள், பயங்கரவாதத் தடுப்பு, பணமோசடித் தடுப்புச் சட்டங்களில் தனிக் கடும் விதிகள் உள்ளன.