புல் வெட்ட 55 டாலர்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, டெக்சாஸில் இருக்கிற அக்கா மக போன் பண்ணினாள். அங்க சொந்த வீடு வாங்கி ரெண்டு வருசமாச்சு. பேச்சுவாக்கில், "மாமா, வீட்டு முன்னாடி புல் வெட்ட ஒரு தடவைக்கு 55 டாலர் வாங்குறாங்க. இன்னொருத்தர் 40-க்கு வர்றேன்னு சீட்டு சொருகிட்டுப் போயிருக்கார். மாத்திடலாமான்னு பாக்குறேன்" என்றாள். வெயில் காலத்தில் வாரம் ஒருதரம் வெட்டணுமாம். 55 டாலரை ரூபாயாக்கிப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்னுபோச்சு. எங்க ஊரில் அந்தக் காசுக்கு டிராக்டர் வச்சு நாலு மணி நேரம் உழவு ஓட்டலாம்.

"வெட்டின புல்லை என்ன தாயி பண்றாங்க?" என்று கேட்டேன்.

"பையில கட்டிக் குப்பைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க மாமா."

போட்டோ அனுப்பச் சொன்னேன். பார்த்தால் நம்ம அருகம்புல்! பிள்ளையாருக்குச் சாத்துற அதே புல். அங்க அதுக்குப் பேர் பெர்முடா கிராஸ். நம்ம வயலில் அருகு விழுந்தால் மம்பட்டி போட்டுக் கொத்திக் கொத்தி முதுகு உடையும், அப்பவும் சாகாது. அதைக் காசு கொடுத்து வளர்த்து, காசு கொடுத்து வெட்டி, காசு கொடுத்துக் கொட்டுறாங்க. சரி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, இந்தக் கூலியை யார் யார் வாங்கினாங்கன்னு தேடிப் பார்த்தேன். மெட்ராஸில் இருக்கிற நீங்களும் அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸில் புல்லுக்குக் காசு கட்டுறவங்கதானே, அதனால எழுதுறேன்.

ஆரம்பம் இங்கிலாந்து. அங்கே பெரிய பிரபுக்கள் மாளிகை முன்னால் ஏக்கர் கணக்கில் புல்லை வெறுமனே விட்டு வைத்தார்கள். என்கிட்ட இவ்வளவு நிலம் இருக்கு, இதில் விளைந்துதான் சாப்பிடணும்னு எனக்கு இல்லை என்று ஊருக்குக் காட்டுற வேலை அது. ஆடு மேய்ந்து ஓரளவு மட்டமாக்கும். மாளிகைக்குப் பக்கத்தில் ஆள்தான் வெட்டணும். ஆள் உயரக் காம்பு வச்ச பெரிய அருவாளை நின்னுகிட்டே வீசி அறுப்பாங்க. ஈரப்புல்தான் சுத்தமா அறுபடும் என்பதால் பனி காயுறதுக்குள்ள விடியக்காலையிலேயே இறங்கிடுவாங்க. கதிர் அறுத்த கைக்குத் தெரியும், மண்ணில் முட்டாமல், மேடு பள்ளம் தெரியாமல் ஒரே மட்டமா அறுக்கிறது சாதாரண வித்தை இல்லை.

1830-ல் எட்வின் பட்டிங் என்கிற மெக்கானிக், குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் பக்கத்தில் இருந்தவர், புல் வெட்டுற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பக்கம் கம்பளித் துணி மில்கள் நிறைய. துணி மேலே நீட்டிக்கிட்டு நிற்கிற மயிரைச் சுருள் கத்தி உருளை வச்சு மட்டம் தட்டுவாங்க. அந்த உருளையைக் கழற்றித் தரையில் உருட்டினால் என்ன என்றுதான் அவர் யோசித்தது. லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டத்தில் ஆரம்பத்திலேயே ஒன்றை வாங்கினார்கள். அருவாளும் விளக்குமாறுமா ஆறு, எட்டு ஆள் செய்யுற வேலையை இது செய்யுதுன்னு அங்கத்து மேஸ்திரி சான்று கொடுத்தாராம். மிச்சம் ஆள் என்ன ஆனாங்கன்னு யாரும் எழுதி வைக்கலை. நம்ம ஊருக்கு நெல் அறுக்கிற மெஷின் வந்தப்ப அறுப்பாள் கூட்டம் என்ன ஆச்சோ அதேதான் ஆகியிருக்கும்.

அதுக்கு முன்னாடியே நம்ம மெட்ராஸில் புல்லுக்குச் சம்பளம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமாரிடம் ஒரு குதிரை இருந்தால் அதுக்குக் குதிரைக்காரர் ஒருத்தர், புல் கொண்டாற இன்னொரு ஆள். வடக்கே அந்த வேலைக்கு ஆம்பளை, தெற்கே குதிரைக்காரர் பெண்டாட்டிதான் புல்லுக்காரி என்று 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி சொல்கிறது. அதிலேயே 1789-ம் வருசத்துப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு கணக்கு: குதிரைக்காரர், புல்லறுக்கிறவர் ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு வராகன். ஒரு வராகன் மூணரை ரூபாய்னு வச்சா ஏழு ரூபாய். குறைச்சல்தான். ஆனாலும் அந்தப் பொம்பளை அறுத்த புல்லை ஒரு வாய் தின்னுச்சு.

அமெரிக்காவுக்கு வருவோம். 1947-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்று ஒரு ஊரையே அச்சில் வார்த்த மாதிரி கட்டினார்கள். நாலைந்து வருசத்தில் 17,000 வீட்டுக்கு மேல். அதுக்கு முன்னாடி அந்த நிலம் உருளைக்கிழங்கு வயல். வீடு வாங்குறவங்க பத்திரத்திலேயே, சீசனில் வாரம் ஒருதரம் புல் வெட்டணும் என்று எழுதியிருந்தது. வெட்டலைன்னா கம்பெனி ஆள் வந்து வெட்டிட்டு, வீட்டுக்காரர் பேருக்குப் பில் அனுப்பிடும். கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு கிடையாது என்பதும் அந்தக் கம்பெனியின் விதிதான். நாலு பேர் பார்க்கிற மாதிரி புல் இருக்கணும்ங்கிற பயம் சாதாரணக் குடும்பத்துக்கும் வந்தது இப்படித்தான். பிரபுவோட வீம்பு கடன் வாங்கி வீடு கட்டினவன் தலையில் இறங்கிடுச்சு.

என்னைத் தூங்கவிடாம பண்ணினது கலிபோர்னியா கதை. அங்கே போன ஜப்பான்காரர்கள் நல்ல விவசாயிகள். காய்கறி, ஸ்ட்ராபெரி எல்லாம் போட்டாங்க. 1913-ல் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை பெற முடியாத வெளிநாட்டார் நிலம் வாங்கக்கூடாது. ஜப்பானில் பிறந்தவர்களுக்கு அப்போது குடியுரிமையே கிடையாது. ஆக, உழத் தெரிஞ்சவனுக்கு நிலம் இல்லை. நிறையப் பேர் லாஸ் ஏஞ்சலஸ் பணக்காரர் வீட்டுத் தோட்டத்தில் இறங்கினாங்க. 1942-ல் போரைக் காட்டி, சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைச்சாங்க. அதில் பெரும்பாலானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். 1945-ல் வெளியே வந்தப்ப குத்தகை நிலமும் போச்சு, கடையும் போச்சு. கையில் காசில்லாமல் ஆரம்பிக்கிற தொழில் ஒன்றுதான் மிச்சம். ஒரு பழைய லாரி, ஒரு மெஷின், ஒரு மண்வெட்டி. படிச்ச பிள்ளைகள்கூட வேறு வேலை கிடைக்காமல் அப்பனோட புல் வெட்டப் போனாங்க. யார் யார் வீடு யாருக்கு என்று தெருத்தெருவாப் பிரிச்சு வச்சுக்கிட்டு, வயசானவர் தன் வீடுகளை அடுத்தவருக்கு விலைக்கு விட்டுட்டுப் போவார். நம்ம ஊர் பால்காரர் 'வாடிக்கை'யை விக்கிற மாதிரி. 1955-ல் தெற்குக் கலிபோர்னியாவில் கூட்டமைப்பே வச்சாங்க.

அவங்க பிள்ளைங்க படிச்சு வேறு வேலைக்குப் போனதும், அந்த இடத்துக்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்க ஆட்கள் வந்தாங்க. அதிலும் கிராமத்துக்காரர்கள்தான் நிறைய. 1994 ஒப்பந்தத்துக்கு அப்புறம் அமெரிக்க மக்காச்சோளம் மலிவா இறங்கி, அங்கத்துச் சின்ன சோள விவசாயி பலர் விலை அடிபட்டதையும் இதோடு சேர்த்து யோசிக்கணும்.

இந்த ஆட்களுடைய கூலிக்கணக்கு 1998 ஜனவரியில் தெருவுக்கு வந்தது. இலை ஊதுற பெட்ரோல் மெஷின் சத்தம் காதைப் பிளக்குதுன்னு லாஸ் ஏஞ்சலஸ் நகரசபை வீட்டுப் பக்கம் அதுக்குத் தடை போட்டது. தோட்டக்காரர்கள் நகரசபை முன்னாடி உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. அவங்க கேட்டது நியாயமான கேள்வி: விளக்குமாறு பிடிச்சால் நேரம் அதிகமாகும், அந்த நேரத்துக்கு வீட்டுக்காரர் கூடக் காசு தருவாரா? சத்தம் கேட்டவங்க சொல்றதிலும் நியாயம் உண்டு. ஆனால் அமைதிக்கான செலவு கூலிக்காரன் கணக்கில் ஏறினது எனக்கு ஒப்பலை.

இன்னிக்கு அங்கே கால் ஏக்கருக்குள்ள இருக்கிற வீட்டுக்கு ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய 40-லிருந்து 80 டாலர் ஆகுது. அரை மணி வேலைதான். ஆனால் அதுக்குள்ளே லாரி, பெட்ரோல், மெஷின் தேய்மானம், இன்சூரன்ஸ், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடுற நேரம், கூட வர்ற ரெண்டு ஆள் சம்பளம் எல்லாம் அடங்கணும். 55-ஐ 40 ஆக்குறவர் பெட்ரோலில் குறைக்க முடியாது. இன்சூரன்ஸில் குறைப்பார், இல்லைன்னா கூட வர்ற ஆளுக்குக் குறைப்பார்.

அமெரிக்கப் புல்தரை எல்லாத்தையும் சேர்த்தால் சுமார் 1,28,000 சதுர கிலோமீட்டர், தண்ணி பாய்ச்சுற பயிரில் அதுதான் பெருசுன்னு 2005-ல் நாசா ஆராய்ச்சியாளர் கிறிஸ்டினா மிலேசி கணக்குப் போட்டார். நம்ம தமிழ்நாட்டு மொத்தப் பரப்பே 1,30,000 தான். இப்ப லாஸ் வேகாஸ் பக்கம் தண்ணிப் பஞ்சம் முத்தி, புல்லைப் பிடுங்கிப் போட்டால் சதுர அடிக்கு இவ்வளவு டாலர்னு தண்ணீர் வாரியமே காசு கொடுக்குது. 2021-ல் அந்த மாநிலம் சட்டமே போட்டுச்சு: ரோட்டோரம், ஆபீஸ் வாசல் என்று சும்மா அழகுக்குக் கிடக்கிற புல்லுக்கு 2027-லிருந்து கொலராடோ ஆற்றுத் தண்ணி கிடையாது. வீட்டுப் புல்லை மட்டும் அதில் விட்டுட்டாங்க.

இவ்வளவையும் அக்கா மககிட்ட சொன்னேன். "மாமா, ஒரு புல்லுக்கு இவ்ளோவா" என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுத்த வாரம் அவளே கூப்பிட்டு, பழைய ஆளையே வச்சுக்கிட்டதாச் சொன்னாள். மெக்சிகோக்காரராம், ஐம்பது வயசு இருக்குமாம், இத்தனை நாள் பேரைக்கூடக் கேட்டதில்லையாம். ஊரில் நிலம் இருக்கான்னு கேட்டாளாம். நாலு ஏக்கர் இருக்கு, தம்பி பார்த்துக்கிறான்னாராம்.

"என்ன போடுறாங்கன்னு கேட்டியா?"

"மறந்துட்டேன் மாமா."

அடுத்த தடவை அவர் வர்றப்ப கேட்டுச் சொல்றேன்னிருக்காள்.